நிறைஞ்சிருக்கு

தாமிரபரணித் தண்ணீர் குடிக்கிற ஊர்களில் வெளியில் பேச ஒரு நாக்கு, அடுப்படியில் பேச இன்னொரு நாக்கு. வெளியில் இல்லாததை இல்லை என்றே சொல்லலாம், பஸ் இல்லை, மழை இல்லை, கூப்பிட்ட இடத்தில் வேலை இல்லை என்று எத்தனை இல்லை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். ஆனால் அடுப்படிக்குள் நின்றுகொண்டு அரிசி இல்லை, உப்பு இல்லை, பருப்பு இல்லை என்று ஒருத்தி சொல்லிவிட்டால் அந்தச் சாமான் அதைக் காதில் வாங்கிக்கொண்டு கோபித்துப் போய்விடும், பிறகு எளிதில் வராது. அதனால் டப்பாவின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாலும் 'அரிசி நிறைஞ்சிருக்கு' என்றுதான் சொல்வார்கள், கேட்ட புருஷன் அர்த்தம் புரிந்து சட்டையை மாட்டிக்கொண்டு பையோடு கிளம்புவான். இப்படித் தலைமுறை தலைமுறையாக அந்தப் பொய்யைக் கேட்டும் கேட்காததுபோல் இருந்துவந்த டப்பாக்கள், ஒரு வருஷம், மணியக்காரர் வளவில் மட்டும், சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டன.

வளவு என்றால் ஒரே தலைவாசலுக்குள் எதிரெதிரே வீடுகள், நடுவில் ஒரு முற்றம், முற்றத்தில் ஒரு அடிபம்பு, ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் எல்லா வீட்டிலும் தும்மல். பம்புக்கு நேர் எதிரே இருந்தது சங்கரவடிவின் வீடு. வளவில் அவள் வெறும் வடிவு. புருஷன் குற்றாலிங்கம் ஜங்ஷனில் டூவீலர் உதிரிபாகம் விற்கிற கடையில் கவுண்டரில் நின்றான். ஆட்டோமொபைலில் டிப்ளமோ வாங்கியவன், அதை எந்நேரமும் சட்டைப்பையில் வைத்திருப்பவன்போலவே நடப்பான். மகள் பூரணி ஒன்றாம் வகுப்பு. கல்யாணமான புதிதில் இவர்கள் குற்றாலம் போயிருந்தபோது, அருவியில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் அவன் செருப்பில் ஒன்றைக் குரங்கு தூக்கிக்கொண்டு போயிருந்தது, மிச்சம் கிடந்த ஒன்றை விட்டுவர மனசில்லாமல் அதை மட்டும் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுவரை அவன் மிடுக்குக் குறையாமல் நடந்துவந்தான், அதைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்த வடிவு தென்காசியில் நிறுத்தவில்லை, ஆலங்குளத்தில் நிறுத்தவில்லை, காரணம் தெரியாமலே கண்டக்டரும் சிரித்து, டிக்கெட் வாங்கிய கையோடு முன்சீட்டுக்காரரும் சிரித்து, பஸ் முழுக்கச் சிரித்துக்கொண்டேதான் ஊருக்குள் நுழைந்தது. அந்தச் சிரிப்பு வளவுக்குப் பழகிய சிரிப்பு. கொஞ்ச காலமாக அது கேட்கவில்லை. விலை ஏறிக்கொண்டிருந்ததில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

விலை அப்படி ஏறியது. தேங்காய்ச் சட்னி பொரிகடலைச் சட்னியாகி, பொரிகடலைச் சட்னி வெங்காயச் சட்னியாகி, வெங்காயமும் ஏறிய வாரம் வெறும் மிளகாய்ப்பொடியில் வந்து நின்றது, அதில் ஊற்ற எண்ணெய் வேண்டும் என்கிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. வடிவு சிக்கனத்தில் கெட்டிக்காரி. தக்காளிக்குப் பதில் புளியைக் கூட்டினாள், புளி ஏறியதும் மாங்காய் வற்றலைப் போட்டாள், சாம்பாரில் பருப்பைத் தேடி எடுக்கவேண்டும் என்றிருந்தது போய் அகப்பை போட்டுத் துழாவினாலும் அகப்படாது என்றானது. வருஷத்துக்கு நாலு தடவையாவது வைக்கிற சொதி, கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்கு முதல் விருந்தாகப் போடுகிற, தேங்காய் மூன்று உடைத்துப் பால் பிழியவேண்டிய அந்தச் சொதி, அந்த வீட்டில் பேச்சில்கூட வரவில்லை. ஒருநாள் சாம்பாருக்குள் எட்டிப் பார்த்த பூரணி, "அம்மா, என் மூஞ்சி தெரியுது" என்றாள், குற்றாலிங்கம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, ஆடி முடியட்டும், மஸ்கட்டுக்குப் போய்விடலாம் என்று பார்க்கிறேன் என்றான்.

அடுத்த வீட்டு மரகதம் மைனியின் தம்பி அங்கே ஒரு ஒர்க் ஷாப்பில் இருந்தான், அவன் ஆள் கேட்டிருந்தான், போனால் இரண்டு வருஷத்துக்குத் திரும்ப முடியாது. வடிவு சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மாசச் சாமான் சம்பளத்துக்குள் அடங்கிவிட்டால் அவன் போகவேண்டியதில்லை என்று மட்டும் அவளுக்குத் தெரியும், அதனால் அன்றிலிருந்து கடுகைக்கூட எண்ணாத குறையாகத்தான் தாளித்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் பருப்பு டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, துவரம்பருப்பு நிறைஞ்சிருக்கு" என்றாள். அவன் பையை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினான். பின்னால் டப்பாவுக்குள் தூறல் விழுவதுபோல ஒரு சத்தம் கேட்டது, சத்தம் வலுத்தது, மூடி லேசாக எழும்பி நின்றது. வடிவு திறந்து பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"ஏங்க, வாங்க. பருப்பு நிறைஞ்சிருக்கு."

"அதான் சொல்லிட்டியே. வாங்கத்தானே போறேன்."

"அதில்லங்க. நிறைஞ்சிருக்கு."

"எத்தனை தடவை சொல்லுவ? காது கேக்குல்லா."

"ஐயோ, நிறைஞ்சே நிறைஞ்சிருக்குங்க" என்று அவள் அவன் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினாள். அவன் ஒரு பருப்பை எடுத்துக் கடித்துப் பார்த்தான், நல்ல பருப்பு என்றான், பையைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு வேலைக்குப் போனான். புளி கடன் கேட்டு வந்த மரகதம் மைனி அதைப் பார்த்தாள், பார்த்ததும் புளியை மறந்தாள், சாயங்காலத்துக்குள் வளவு முழுக்கத் தெரிந்துவிட்டது.

இது எப்படி வந்தது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிற குழாய்த் தண்ணீர் எப்படி வருகிறது என்று யாராவது கேட்கிறார்களா, வருகிறபோது பிடித்துவைப்பதுதான் வேலை. இதை எப்படிப் பிடிப்பது என்பதில்தான் எல்லோருடைய கவனமும் போயிற்று. மரகதம் மைனி, பாதி டப்பா அரிசி இருக்கும்போதே முற்றத்தில் நின்று ஊருக்குக் கேட்கிற மாதிரி நிறைஞ்சிருக்கு என்று கூவிப் பார்த்தாள், ஒரு மணி கூடவில்லை. இருந்த அரிசியை ஒரு குடத்தில் தட்டிவைத்துவிட்டுச் சொன்னாள், அப்போதும் இல்லை, டப்பாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. உண்மையிலேயே தீர்ந்திருக்கவேண்டும், சொல்கிறபோது குரல் கொஞ்சம் இறங்கவேண்டும், கேட்பதற்கு ஒரு ஆள் இருக்கவேண்டும். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்த ரோசம்மா வீட்டில் ஆதியிலிருந்தே தீர்ந்ததைத் தீந்துட்டு என்று சொல்லித்தான் பழக்கம், அவள் பாடம் ஒப்பிக்கிற மாதிரி நாலு நாள் சொல்லிப் பார்த்தும் உப்புகூட அசையவில்லை. ஐந்தாம் நாள் டூட்டி முடிந்து கால் வலியோடு வந்து உட்கார்ந்தவள், புருஷன் காபி கேட்டதற்கு, எங்கே போடுவது, சீனிதான் நிறைஞ்சிருக்கே என்று தன்னை மறந்து சொன்னாள், சீனி பொங்கி வழிந்து எறும்பு வந்துவிட்டது. மாடி வீட்டில் புதிதாகக் குடிவந்திருந்த மெட்ராஸ்காரப் பெண் 'பருப்பு ஃபுல்லா இருக்கு' என்றாள். அதற்கும் வந்தது, ஆனால் கல்லும் உமியும் கலந்த பருப்பாக வந்தது. அவள் சண்டை பிடிக்கவில்லை, புடைத்துக்கொண்டாள்.

இன்னொன்றும் தெரிந்தது. மரகதம் மைனி கடுகு போட்டுவைத்திருந்தது ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில். கடுகு தீர்ந்து, குரல் இறங்கி, முறையாகத்தான் சொன்னாள், பாட்டில் ஹார்லிக்ஸால் நிறைந்தது. அதாவது, பாத்திரம் தனக்குள் முதன்முதலாக என்ன இருந்ததோ அதைத்தான் நினைத்துக்கொள்ளும். இது தெரிந்த அன்று பெண்கள் எல்லோரும் வீட்டிலிருந்த டப்பாக்களின் பூர்வீகத்தை யோசித்தார்கள், ஒருத்தி தன் மிளகாய் டப்பா கல்யாணச் சீராக வந்தபோது அதற்குள் முந்திரிப்பருப்பு இருந்ததை ஞாபகப்படுத்திக்கொண்டு ஒரே வாரத்தில் மிளகாயைத் தீர்த்தாள், அந்த வாரம் அந்த வீட்டு ஆண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வேலைக்குப் போனார்கள்.

எல்லாவற்றுக்கும் பலித்துவிடவும் இல்லை. அரிசி, பருப்பு, உப்பு, மஞ்சள், சீனி, எண்ணெய் என்று நிறைஞ்சிருக்கு சொல்லிப் பழகிய சாமான்களுக்குத்தான் பலித்தது. தக்காளியை அப்படி யாரும் சொன்னதில்லை, பாலைச் சொன்னதில்லை. கேஸ் சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மைனி எவ்வளவு உருக்கமாகச் சொல்லியும் அது கேட்கவில்லை, அது வேறு ஊரிலிருந்து வந்த பொருள், அதற்கு இந்தப் பாஷை தெரியாது. வாடகையும் பள்ளிக்கூடச் செலவும் அப்படித்தான். வெளியே சொன்னால் ரேஷன் கார்டைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று பயந்து வளவுக்காரர்கள் யாரும் மூச்சுவிடவில்லை. உண்மையிலேயே நிறைந்திருப்பதைச் சொல்ல வார்த்தை இல்லாமல்போன தொந்தரவுக்கு மட்டும் வழி தேடி, கடைசியில், நிறைந்ததை 'வந்துட்டு' என்று சொல்லிக்கொண்டார்கள்.

தெருமுனை மளிகைக்கடை தவசிமுத்து அண்ணாச்சிதான் முதலில் சந்தேகப்பட்டார். ஒரு மத்தியானம் முற்றத்தில் வந்து நின்று, யாரையும் பார்க்காமல் பம்பைப் பார்த்துப் பேசினார். நான் என்ன தப்பு செய்தேன், விலையை நானா ஏற்றுகிறேன், மேலே இருந்து ஏறி வருகிறது, நான் கைமாற்றிவிடுகிறவன், என் மேல் கோபம் என்றால் முகத்துக்கு நேரே சொல்லுங்கள் என்றார். பெண்களுக்கு வெட்கமாகிவிட்டது. வடிவு அவரை உள்ளே கூப்பிட்டு டப்பாவைத் திறந்து காட்டி நடந்ததைச் சொன்னாள். அவர் கையை விட்டு அள்ளி, வெளிச்சத்தில் பிடித்து, உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"நல்ல சரக்கு. இந்த ரகம் இப்ப எங்கயும் வரதில்லையேம்மா" என்றார், அவ்வளவுதான் அவருடைய ஆச்சரியம். பிறகு எதெதற்குப் பலிக்கவில்லை என்று விசாரித்தார். மறுநாள் கடையில் பருப்பு மூட்டை பின்னால் போய், தக்காளியும் கத்திரிக்காயும் முன்னால் வந்தன. நயினார்குளம் மார்க்கெட்டில் விடியும் முன்னே போய் எடுத்தால் பாதிக்குப் பாதி குறையும், போகத்தான் ஆள் வேண்டும், உம்மிடம் டிவிஎஸ் வண்டி இருக்கிறதே என்று குற்றாலிங்கத்தைக் கேட்டார். வீட்டுக்கு வேண்டிய காய்கறி போக வேறு ஏதாவதும் கொடுப்பதாகச் சொன்னார். டிப்ளமோ படித்தவன் கத்திரிக்காய் மூட்டை கட்டுவதா, ஆடி கழிந்தால் மஸ்கட் போகிறவன் என்று அவன் சொன்னதாக மைனி வந்து சொன்னாள்.

பருப்பு நிறைந்த பிறகும் அவன் மஸ்கட்டை விடாதது வடிவுக்குப் புரியவில்லை. அது ஒரு ராத்திரிச் சாப்பாட்டில் புரிந்தது. கெட்டிச் சாம்பார், பொரித்த அப்பளம், அன்றைக்கென்று சோறுதான் கொஞ்சம் குறைச்சல். தட்டு வைத்தபோது அவன் பானைக்குள் பார்த்துவிட்டு, மத்தியானம் முதலாளி எல்லோருக்கும் பிரியாணி வாங்கித்தந்தார் என்றான்.

"எனக்கு வயிறு நிறைஞ்சிருக்கு. நீ சாப்பிடு."

சொல்லி வாயை மூடவில்லை, சட்டையின் நடுப்பொத்தான் தெறித்துப் போய்ப் பூரணியின் டம்ளரில் விழுந்தது. அவன் வயிறு பந்தியிலிருந்து எழுந்தவன் வயிறுபோல முன்னால் வந்து நின்றது, அதைத் தொடர்ந்து ஒரு ஏப்பம், எதிர்வீட்டு ரோசம்மா வெளியே வந்து என்ன சத்தம் என்று கேட்கிற அளவு நீளமான ஏப்பம். அதில் தேங்காய்ப் பாலும் இஞ்சியும் மணந்தன.

பிரியாணியில் சொதி வாசம் வருகிறதே என்றாள் வடிவு.

காலியாக இருப்பதுதான் நிறையும் என்பது வளவில் பூரணிக்குக்கூடத் தெரியும். மெதுவாகத்தான் வந்தது விஷயம்: முதலாளி மத்தியானச் சாப்பாடு போடுகிறார் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்ததே பொய், பாஸ்போர்ட்டுக்கும் மெடிக்கலுக்கும் சேர்க்கவேண்டும் என்று பல மாதமாகத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கவுண்டரில் நின்றிருக்கிறான். வடிவு அவனைத் திட்டவில்லை. டம்ளரிலிருந்து பொத்தானை எடுத்துத் தைத்துக் கொடுத்தாள், மறுநாள் காலை ஒரு டிபன் பாக்ஸை நிரப்பி, அதை அவன் கையில் கொடுக்காமல் வண்டியில் கட்டினாள். ஆனால் அன்றிலிருந்து அவளுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. இந்தச் சொல் டப்பாவை மட்டும் நிறைப்பதில்லை. எது காலியாக இருந்தது என்பதையும் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஆடிக் கடைசியில் மைனியின் தம்பி மஸ்கட்டிலிருந்து பேசினான், விசா தயார், சாயங்காலத்துக்குள் சரி என்று சொல்லவேண்டும். மைனி போனைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். குற்றாலிங்கம் சீக்கிரமே வந்துவிட்டான். வடிவு அதற்குள் தனக்குள் பேசி முடித்திருந்தாள்: பருப்பு வரும், தக்காளி வராது, பால் வராது, வாடகை வராது, பூரணி இரண்டாம் வகுப்புக்குப் போகாமல் இருக்கமாட்டாள், இந்தச் சொல்லும் எத்தனை நாளைக்கோ, போகிறவரைச் சந்தோஷமாக அனுப்பவேண்டும். பம்படியில் ரோசம்மா அவள் காதோடு, "என்ன வேணும்னாலும் சொல்லு தாயி, அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லிராத" என்றிருந்தாள். அதனால் அவன் கேட்டபோது சரிங்க என்றாள். உங்கள் இஷ்டம் என்றாள். நல்லதுதானே என்றாள்.

அவன் வாசல்படியிலேயே நின்றுகொண்டிருந்தான். எந்தச் சொல்லுக்கு அவள் சுற்றி வழி போகிறாள் என்று அவனுக்கும் தெரிந்துதான் இருந்தது.

"மனசு நிறைஞ்சு அனுப்புதியா?"

"அனுப்புதேன்."

"அப்படிச் சொன்னா ஆகாது. முழுசாச் சொல்லு."

அடிபம்பில் யாரோ பிடித்த கையை அப்படியே வைத்துக்கொண்டார்கள். வடிவு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள், வேகமாகச் சொல்லிவிட்டால் ஒருவேளை பலிக்காமல் போகும் என்று நினைத்தாள், ஆனால் குரல் தானாக இறங்கியது.

"எனக்கு மனசு நிறைஞ்சிருக்கு."

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து மைனி எழுந்தாள். அழுகை இல்லை. ஒரு பாத்திரம் தனக்குள் முதன்முதலாக இருந்ததைத்தான் நினைத்துக்கொள்ளும் என்று சொன்னேனே, அப்படி, குற்றாலத்து பஸ் ஸ்டாண்டும் சாரலும் ஒற்றைச் செருப்பும் அவளுக்குள் திபுதிபுவென்று இறங்கி நிறைய, வடிவு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், நிறுத்தமுடியாமல் சிரித்தாள், "குரங்கு" என்று ஒரு தடவையும் "மிடுக்கா" என்று ஒரு தடவையும் சொல்லமுடிந்தது, அதற்குமேல் முடியாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். ரோசம்மாவுக்குத் தொற்றியது, மாடியிலிருந்து எட்டிப் பார்த்த மெட்ராஸ்காரிக்குத் தொற்றியது, பூரணி எதற்கென்றே தெரியாமல் கைதட்டிச் சிரித்தாள். வளவில் சிரிக்காமல் நின்றவன் குற்றாலிங்கம் மட்டும்தான். அவன் அவளுக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்தான்.

"எப்ப இருந்து வடிவு?"

"என்னது?"

"காலியா இருந்தது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, நடுநடுவே சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க பாஸ்போர்ட்டுக்கு போட்டோ எடுத்துட்டு வந்தியள்லா, அன்னைல இருந்து."

அவன் எழுந்து முற்றத்துக்கு வந்தான். மைனி போனைப் பொத்திப் பிடித்துக்கொண்டு என்ன சொல்ல என்று கேட்டாள்.

"வரலன்னு சொல்லுங்க மைனி."

"ஏன்னு கேப்பானே."

"செருப்பு ஒண்ணு தொலைஞ்சு போச்சுன்னு சொல்லுங்க" என்றான், அப்போதுதான் அவனுக்கும் சிரிப்பு வந்தது. பிறகு தலையை வாரிக்கொண்டு, டிப்ளமோவை வீட்டில் விட்டுவிட்டவன் மாதிரி சாதாரணமாக நடந்து, தெருமுனைக்குப் போய் அண்ணாச்சியைப் பார்த்து, விடியும் முன் எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டுவிட்டு வந்தான்.

அதற்குப் பிறகு அந்தச் சொல் எவ்வளவு காலம் பலித்தது என்பதில் வளவுக்குள் இரண்டு கட்சி. புரட்டாசியில் முக்கால் டப்பா, ஐப்பசியில் அரை டப்பா என்று குறைந்து நின்றுவிட்டது என்பது மைனி கட்சி. சொல்லில் குறையில்லை, பாவம் அண்ணாச்சி என்று ஒவ்வொருத்தியாகச் சொல்லாமல் விட்டுவிட்டோம் என்பது ரோசம்மா கட்சி. எப்படியோ, பருப்பு மூட்டை மறுபடி அவர் கடையில் முன்னால் வந்தது, விலை ஏறித்தான் இருந்தது, ஆணியில் மாட்டிய பைகள் இறங்கின, அடுப்படிக்குள் ஒருத்தி நிறைஞ்சிருக்கு என்றால் புருஷன்மார் பழையபடி சட்டையைத் தேடினார்கள்.

முதல் நாள் மார்க்கெட்டுக்குப் போன விடிகாலையைப் பற்றி மட்டும் கட்சி கிடையாது. இருட்டோடு இருட்டாக வண்டியை உருட்டிக்கொண்டு தலைவாசலைத் தாண்டும்போது குற்றாலிங்கம், அந்த ஊரில் எல்லோரும் சொல்கிற மாதிரி, போறேன் என்று சொல்லாமல், "போயிட்டு வாறேன்" என்றான். இத்தனை காலம் ஆயிரம் தடவை கேட்ட சொல்தான். அன்றைக்கு வடிவு கதவைப் பிடித்துக்கொண்டு, இந்தச் சொல்லும் சொன்னபடி நடக்குமா என்று காத்து நின்றாள். பால்காரர் வந்து போனார், பம்பில் முதல் குடம் நிறைந்தது, தெருமுனையில் டிவிஎஸ் சத்தம் கேட்டது. முன்னால் கத்திரிக்காய் மூட்டை, பின்னால் தக்காளிக் கூடை, நடுவில் முகம் முழுக்க வேர்வையோடு அவன். வண்டியை நிறுத்தி மிடுக்காகக் காலை ஊன்றினான். மார்க்கெட் சேற்றில் ஒரு செருப்பு போயிருந்தது, மிச்சம் ஒன்றை விட்டுவர அவனுக்கு மனசில்லை.

அவன் இன்ஜினை அணைப்பதற்குள் வடிவு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.